கேட்க ஒரு செவி: இசைக்கருவிச் சாதகம் பழக்கமாவது பற்றி

விஜயதசமி அன்று புதுச்சேரியில் இசை ஆசிரியர்களின் வீட்டு வாசலில் செருப்பு விட இடமிருக்காது. தாம்பூலத் தட்டும் தேங்காயுமாகப் பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். வீணை, வயலின், மிருதங்கம், புல்லாங்குழல், இப்போது கீபோர்டும். தை பிறக்கும்போது பார்த்தால் வகுப்பு இளைத்துப் போயிருக்கும். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வீட்டுல உக்காந்து வாசிக்கவே மாட்டேங்குறான் சார்."

பிள்ளைக்கு ஆர்வமில்லை, சோம்பல், கையில் எப்போதும் போன் என்று மூன்று குற்றச்சாட்டுகள் உடனே எழும். மூன்றும் பிள்ளையின் மேல் சுமத்தப்படுபவை. எனக்கு இதில் உடன்பாடில்லை. நம் நாட்டில் தினச் சாதகம் எந்தக் காலத்திலும் தனியாள் மன உறுதியை நம்பி நடந்ததே கிடையாது. வீடு, கோயில், குரு, குறித்த வேளை என்று ஒரு பெரிய ஏற்பாடு அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. அந்த ஏற்பாடு கலைந்துவிட்டது. அது செய்த வேலையை இப்போது பத்து வயதுப் பிள்ளை ஒண்டியாகச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நூல்கள், ஆய்வுகள், வித்வான்களின் வாழ்க்கை, நம் ஊர் நடைமுறை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், தினமும் கருவியைத் தொடும் பழக்கம் எதனால் உண்டாகிறது, எதனால் அறுந்துபோகிறது என்பது ஓரளவு தெளிவாகவே தெரிகிறது.

வீராம்பட்டினத்திலிருந்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை ஒட்டிய மீனவ ஊர் இது. பக்கத்திலேயே அரிக்கமேடு, 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமாபுரியோடு நடந்த வணிகத்தை உலகுக்குக் காட்டிய மேடு. ஊரின் பெருமை செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் கவர்னரே வந்து வடம் பிடித்தார். இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் அந்த வழக்கத்தைத் தொடர்கிறார்கள். தேருக்கு முன்னால் நாதஸ்வரமும் தவிலும் போகும். நல்ல வாசிப்பு எது, சும்மா ஒப்பேற்றுவது எது என்று தெரிந்த செவிகள் அந்தக் கூட்டத்தில் நிறைய உண்டு. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. இசையும் நடனமும் ஓவியமும் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படும் இடம். கேட்கும் செவியும் கற்பிக்கும் இடமும் கூப்பிடு தூரத்தில் இருந்தும், கடலோர வீடுகளில் ஒரு பிள்ளை நாள் தவறாமல் கருவியோடு உட்காருவது ஏன் கடினமாக இருக்கிறது? இங்கே விடை கிடைத்தால் அது பல ஊர்களுக்கும் பொருந்தும்.

முதலில் பழைய ஏற்பாட்டைப் பார்ப்போம். பெரிய மேளக் குடும்பங்களில் பையனை யாரும் "சாதகம் பண்ணு" என்று கெஞ்சியதாகத் தெரியவில்லை. வீட்டில் நாலு பேர் வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஐந்தாவதாக இவனும் உட்கார்ந்துவிடுவான். அதைவிட முக்கியம், கோயில் சேவகம். காலையில் திருப்பள்ளியெழுச்சிக்குப் பூபாளமோ பௌளியோ, சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, இரவு பள்ளியறைக்கு நீலாம்பரி என்று வேளைக்கு ஒரு வாசிப்பு விதிக்கப்பட்டிருந்தது. மழை பெய்தாலும் உடம்பு சோர்ந்தாலும் அந்த வேளைக்கு அங்கே நிற்க வேண்டும். மேடைக் கச்சேரிக்கு முன்னால் ஒரு நாதஸ்வரக்காரர் தன் வாழ்நாளில் எத்தனையாயிரம் முறை பூபாளத்தைத் தொட்டிருப்பார் என்று யோசித்தால், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) போன்றவர்களின் நாதம் எந்த மண்ணிலிருந்து முளைத்தது என்பது புரியும். மேதைமை அவர்களுடையது, ஆனால் தினமும் கருவியைக் கையில் எடுக்கவைத்தது ஊர்.

இன்று எத்தனையோ கோயில்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் இயந்திர மேளம் அடிக்கிறது. ஆள் கிடைக்கவில்லை, சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். அந்தப் பெட்டி பறித்துக்கொண்டது ஒருவருடைய கூலியை மட்டும் என்று நினைக்கிறோம். ஒரு பையன் தினமும் இரண்டு வேளை நாலு பேர் கேட்க வாசிக்கும் வாய்ப்பையும் சேர்த்துத்தான் அது பறித்தது. இயந்திர மேளத்தை எதிர்க்க இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

வீணை, வயலின் வீடுகளில் கோயில் சேவகத்தின் இடத்தில் தகப்பனோ குருவோ நின்றார்கள். லால்குடி ஜெயராமனுக்குத் தந்தை கோபால ஐயர், எம்.எஸ்.கோபாலகிருஷ்ணனுக்குத் தந்தை பரூர் சுந்தரம் ஐயர். இரண்டு வீட்டிலும் கேட்கும் காது பக்கத்து அறையில் எந்நேரமும் விழித்திருந்தது. காரைக்குடி சாம்பசிவ ஐயரிடம் சிறு குழந்தையாகச் சேர்ந்த ரங்கநாயகி ராஜகோபாலனின் குருகுலவாசம் இன்னும் கடுமையானது. விடியுமுன் எழுந்து வீணையோடு உட்கார வேண்டும், பிசகினால் தண்டனை. அவர் பெரிய வைணிகரானார். அந்தக் கண்டிப்பை இன்று எந்தப் பிள்ளை மேலும் காட்டக் கூடாது. ஆனால் கண்டிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் ஒன்று நிற்கிறது: வேளை தவறாமை, தப்பு நேர்ந்த அந்த நொடியிலேயே "திரும்ப வாசி" என்று ஒரு குரல். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மிச்சம்தான்.

அசுர சாதகம் என்ற சொல் நம் இசையுலகில் ஒரு மந்திரம் போல உலவுகிறது. பத்து மணி நேரம் வாசித்தார், விரலில் ரத்தம் கட்டியது, கழுத்தளவு தண்ணீரில் நின்று பாடினார் என்ற கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் (1933–1975) தவிலைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் வராமல் இருக்காது. செம்மங்குடி சீனிவாச ஐயர் இயல்பாக இனிக்காத குரலைச் சாதகத்தாலேயே வசப்படுத்தினார் என்பது இசை ரசிகர் எல்லாருக்கும் தெரிந்தது. இந்தக் கதைகள் பொய்யென்று சொல்ல வரவில்லை. தொடங்கி மூன்று மாதமான பிள்ளைக்கு இவற்றைச் சொல்லுவதில்தான் ஆபத்து. இருபது நிமிடம் உட்கார்ந்தவனுக்கு அது சாதகமாகவே தோன்றாது; "பத்து மணி நேரம் எங்கே, நான் எங்கே" என்று அடுத்த நாள் அதையும் விட்டுவிடுவான்.

மேல்நாட்டு ஆய்வாளர்களும் இந்த மணிக்கணக்கில் நெடுங்காலம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர் பெர்லின் இசைக் கழகத்து வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ்பெற்றது. பதினெட்டு வயதுக்குள் தனியாகச் செய்த சாதகம், மிகச் சிறந்த மாணவர்களுக்குச் சராசரி 7,410 மணி நேரம். அடுத்த நிலையினருக்கு 5,301. இசை ஆசிரியராகப் போகிறவர்களுக்கு 3,420. இதிலிருந்துதான் மால்கம் கிளாட்வெல் 2008-இல் 'பத்தாயிரம் மணி நேரம்' என்ற வாய்பாட்டை உலகெங்கும் பரப்பினார். எரிக்சன் அந்த எளிமைப்படுத்தலை ஏற்கவில்லை. பிறகு 2019-இல் மெக்னமாராவும் மைத்ராவும் அதே ஆய்வை மறுபடி செய்து பார்த்தார்கள். மிகச் சிறந்தவர்களுக்கும் நல்லவர்களுக்கும் இடையே சாதக நேரத்தில் குறிப்பிடும்படியான வேறுபாடு கிடைக்கவில்லை. திறமையில் காணும் ஏற்றத்தாழ்வில் சாதகம் விளக்கியது 26 சதவீதத்தை. கால் பங்கு என்பது சிறியதல்ல. ஆனால் மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வித்வான் ஆகிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அதில் இடமில்லை.

அந்தப் பெர்லின் கட்டுரையில் யாரும் அதிகம் பேசாத இடம் ஒன்று உண்டு. சிறந்த மாணவர்கள் ஒரே மூச்சாக வாசிக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாத அமர்வுகளாகப் பிரித்து, நடுவே ஓய்வெடுத்தார்கள். பகலில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்கள். களைத்த கையும் மங்கிய காதும் கற்றுக்கொள்வது தப்பை மட்டுமே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, உட்கார்ந்த அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? என் பார்வையில் பழக்கம் முறிவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வீணை கற்கும் பிள்ளைக்கு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, பிறகு ஜண்டை, பிறகு அலங்காரம். புரந்தரதாசர் வகுத்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் பாட வரிசை. ஐந்நூறு ஆண்டாகக் கைமாறி வருகிறது. ஒவ்வொன்றையும் மூன்று காலத்தில் வாசிக்க வேண்டும். முதல் காலத்தில் பிள்ளைக்கு அலுப்பு, இரண்டாம் காலத்தில் தெம்பு, மூன்றாம் காலத்தில் ஓட்டம். ஓடும்போது ஜண்டை வரிசையின் இரட்டை ஸ்வரங்களில் இரண்டாவதற்கு விழ வேண்டிய அழுத்தம் காணாமல் போகும். 'ஸஸ' என்பது ஒரே நீண்ட 'ஸா'வாக இழுபடும். பிள்ளை அதைக் கவனிக்காது. கடைசி ஸ்வரத்தைத் தொட்டதும் முடிந்தது என்று வீணையைக் கீழே வைத்துவிடும். அடுத்த நாளும் இதுவே. வகுப்பில் ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்துவார். போன வாரம் நிறுத்திய அதே இடம். "வீட்டுல வாசிச்சியா?" என்ற கேள்வி விழும். வாசித்திருக்கிறது. ஆனால் வாசிக்காத பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சுதான் இதற்கும் கிடைக்கும். இப்படி நாலு வாரம் போனால் எந்தப் பிள்ளைக்குத்தான் மறுபடி உட்காரத் தோன்றும்?

ஆஸ்திரேலியாவில் மெக்ஃபர்சனும் ரென்விக்கும் தொடக்க நிலைப் பிள்ளைகள் வீட்டில் வாசிப்பதை ஒளிப்பதிவு செய்து 2001-இல் எழுதினார்கள். சாதக நேரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுவதிலேயே போயிருந்தது. தப்பு விழுந்த இடத்துக்குத் திரும்பிப் போனவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவருடன் இருந்தவர்களும் பதினேழு பியானோ மாணவர்களிடம் ஒரே கடினமான பகுதியைக் கொடுத்து, மறுநாள் வாசிக்கவைத்தார்கள் (2009). யார் அதிக நேரம் வாசித்தார், யார் அதிகத் தடவை வாசித்தார் என்பதற்கும் மறுநாள் தரத்துக்கும் தொடர்பே இல்லை. தப்பு எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்து, அங்கேயே நின்று, வேகத்தைக் குறைத்து, சரியான பிறகே மேலே நகர்ந்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள்.

நம் மிருதங்க ஆசிரியர்கள் இதை எந்த ஆய்வுமில்லாமல் அறிந்திருந்தார்கள். முதல் பாடமான தத்–தித்–தொம்–நம் என்ற நான்கு சொல்லை மாதக்கணக்கில் மெதுவாக வாசிக்கச் சொல்வது எதற்காக? 'தொம்' ஒலிக்கும்போது தொப்பிப் பக்கத்து நாதம் அடைபடாமல் கை எழ வேண்டும். 'நம்' விழும்போது வலந்தலையில் விரல் சரியான வட்டத்தைத் தொட வேண்டும். மெதுவாக வாசித்தால்தான் எந்த விரல் ஏமாற்றுகிறது என்று காதில் விழும். வேகம் தப்பை மூடும் போர்வை. மூன்றாம் காலத்தை முதல் மாதத்திலேயே வீட்டில் வாசிக்கச் சொல்லும் பெற்றோர், "எவ்வளவு ஃபாஸ்ட்டா வாசிக்கிறான் பாருங்க" என்று விருந்தாளிக்குக் காட்டும் பெற்றோர், தெரியாமல் பிள்ளையின் கையைக் கெடுக்கிறார்கள்.

ஆகவே தொடக்கத்தில் இருபது நிமிடம் தாராளம். ஸ்ருதியோடு ஐந்து நிமிடம் நீண்ட கார்வை. போன வகுப்பில் ஆசிரியர் நிறுத்திய இடம் மட்டும் பத்து நிமிடம், மெதுவாக. மிச்ச நேரம் பிள்ளைக்குப் பிடித்தது எதுவோ அது. அது சினிமாப் பாட்டாக இருந்தாலும் சரி. இந்தக் கடைசிப் பகுதியைச் சில ஆசிரியர்கள் ஒப்ப மாட்டார்கள். நான் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நாளைக்கும் உட்காரவைக்கும் ஆசை அந்த ஐந்து நிமிடத்தில்தான் பிறக்கிறது.

இது பழக்கமாக எத்தனை நாள் பிடிக்கும்? லண்டனில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரிடம் செய்த ஆய்வு 2010-இல் வந்தது. சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி போன்ற அன்றாடச் செயல்களைப் பற்றிய ஆய்வு அது; இசையைப் பற்றியதல்ல. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் படிந்தது. கணக்குப்படி சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும். இருபத்தோரு நாளில் எதுவும் பழகிவிடும் என்று சுவரொட்டியில் போடுகிறார்களே, அதற்கு இதில் ஆதாரமில்லை. அந்த ஆய்வில் இன்னும் இரண்டு செய்திகள் நமக்குப் பயன்படும். ஒன்று, தினமும் நடக்கும் வேறொரு காரியத்தோடு சேர்த்துக் கட்டிய செயல் படிகிறது. மற்றொன்று, ஒரு நாள் விட்டுப்போனால் குடி மூழ்கிவிடுவதில்லை.

முதல் செய்தியை வீராம்பட்டினத்துக்குக் கொண்டுவந்தால்தான் சிக்கல் தெரிகிறது. எல்லாப் புத்தகமும் விடியற்காலைச் சாதகத்தைப் புகழும். மார்கழி விடியலில் தம்புரா மீட்டிய வீட்டுக்கு அது பொருந்தியது. கடலோர வீட்டில் விடியுமுன் ஆண்கள் படகு தள்ளப் போய்விடுவார்கள். கரைக்கு மீன் வந்ததும் பெண்கள் கூடையோடு மார்க்கெட்டுக்கு. காலை என்பது அந்த வீட்டில் மிகவும் பரபரப்பான, மேற்பார்வைக்கு ஆளில்லாத நேரம். பிள்ளை தானே எழுந்து தானே குளித்துப் பள்ளிக்கு ஓட வேண்டும். அவனிடம் போய் ஐந்து மணிக்கு எழுந்து வாசி என்பது ஊர் தெரியாத அறிவுரை. அங்கே சரியான நேரம், பள்ளி விட்டு வந்து ஏதோ வாயில் போட்டுக்கொண்டதற்கும் ட்யூஷனுக்கும் நடுவில் கிடைக்கும் மாலை. வலை பழுது பார்க்கும் ஆட்கள் திண்ணையிலும் மணலிலும் உட்கார்ந்திருக்கும் நேரமும் அதுவே. கிழிந்த கண்ணி எதுவென்று விரலாலேயே தேடி, அதை மட்டும் முடிந்து, அடுத்ததற்குப் போகும் அந்த வேலையைத் தினம் பார்க்கும் பிள்ளைக்கு, தப்பு விழுந்த இடத்தை மட்டும் எடுத்து வாசிப்பது என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வாய்ப்பும் இந்தக் கரைக்கு உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்பாவும் மாமாவும் வீட்டில் இருப்பார்கள். கோடை விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். பணக் கஷ்டம் மிகுந்த காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் லாலி சொல்லும் 66 நாளுக்கு மிக அருகில் வரும் தொடர்ச்சியான நாட்கள் இந்த ஊர்ப் பிள்ளைக்கு ஆண்டில் வேறெப்போது கிடைக்கும்? கோடையில் பதினைந்து நாள் முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதைக் காட்டிலும், தடைக்காலம் முழுக்க தினம் அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரவைப்பது எவ்வளவோ மேல்.

கடற்கரை கருவிக்கும் வேலை வைக்கும். உப்புக் காற்றில் வீணை, வயலின் தந்திகள் சீக்கிரம் துருவேறும். துருவேறிய தந்தியில் விரல் வழுக்காது, கமகம் வராது, பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மிருதங்கத் தோல் தளர்ந்து ஸ்ருதி இறங்கும். சித்திரை வெயில் படும் இடத்தில் வீணையை வைத்தால் மெட்டுகள் நிற்கும் மெழுகு இளகும். நாதஸ்வரத்தின் சீவாளி ஒருநாள் போல ஒருநாள் பேசாது. இவையெல்லாம் வித்வானுக்குத் தெரியும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்: வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியைத் துடை, சன்னலோரம் வைக்காதே, ஸ்ருதி சேர்க்காமல் தொடாதே. சரியாகப் பேசாத கருவியோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போய் விட்டவர்களை ஆர்வமில்லாதவர்கள் என்று கணக்கெழுதி வைத்திருக்கிறோம்.

சத்தமும் ஒரு பிரச்சினை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். இரவு வேலை பார்த்தவர் பகலில் தூங்குவார். தவிலும் நாதஸ்வரமும் நாலு தெருவுக்குக் கேட்கும். "பீச்சுக்குப் போய் வாசியேன்" என்பார்கள். அலைச் சத்தத்தில் தன் ஸ்ருதி தன் காதுக்கே கேட்காது. காற்று கருவிக்கும் ஆகாது. எப்போதாவது மன மகிழ்ச்சிக்குப் போகலாம், சாதகத்துக்கு அது இடமில்லை. தாளக் கருவி கற்பவருக்கு மட்டும் நம் மரபு ஒரு கொடை தந்திருக்கிறது. சொற்கட்டை வாயால் சொல்லித் தொடையில் தட்டலாம், பேருந்திலும் செய்யலாம். அல்வாரோ பாஸ்குவால்-லியோனே 1995-இல் வெளியிட்ட பியானோ ஆய்வில், ஐந்து நாள் மனத்தால் மட்டும் வாசித்தவர்களின் மூளையிலும், விரலால் வாசித்தவர்களுடையதைப் போன்ற மாற்றம் தென்பட்டது. வாசிப்பில் அவர்கள் சற்றுப் பின்தங்கினாலும், ஒரே ஒரு அமர்வு கருவியில் உட்கார்ந்ததும் அந்த இடைவெளியை ஏறக்குறைய மூடிவிட்டார்கள். 'தகதிமி தகஜணு' என்று முணுமுணுத்தபடி நடக்கும் பையனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

விட்டுப்போகும் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேர்வு, காய்ச்சல், ஊர்த் திருவிழா வரும். வீட்டில் துக்கம் என்றால் கருமாதி முடியும்வரை பல குடும்பங்களில் கருவியைத் தொட மாட்டார்கள். தெருவில் யாராவது தவறினாலும் வாசிக்கக் கூச்சப்படுவார்கள். அது சரியான நாகரிகம், அதில் கை வைக்க வேண்டாம். இடைவெளி பழக்கத்தைக் கொல்வதில்லை. திரும்பி வரும் முதல் நாளில் "இத்தன நாள் தொடவே இல்ல, எல்லாம் போச்சு" என்று யாராவது சொல்வதுதான் கொல்கிறது. முதல் நாள் ஐந்து நிமிடம், தெரிந்த பாடம், அவ்வளவே போதும்.

பெண் பிள்ளைகளின் சாதகம் அறுபடும் விதம் வேறு. பத்தாம் வகுப்பு என்றால் பையனுக்கும் நிற்கும். ஆனால் வீட்டு வேலை கூடும் வயதில் அவளுக்கு மட்டும் வீணை கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. அம்மாவோடு சேர்ந்து அடுப்படியில் நிற்கும் அரை மணி நேரத்தை அண்ணனுக்கு மாற்றிக் கொடுத்தால் தீரும் விஷயம் இது. இதற்கு ஆய்வு எதுவும் வேண்டாம்.

போனைப் பற்றி என் கருத்து பெரும்பாலோர் கருத்துக்கு மாறானது. தம்புரா செயலியும் ஸ்ருதிப் பெட்டியும் இல்லாத காலத்தில் தொடக்கப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஸ்ருதியில்லாமல்தான் வீட்டில் வாசித்தார்கள். இன்று விலையில்லாமல் ஸ்ருதி கிடைக்கிறது. வாசித்ததைப் பதிவு செய்து உடனே கேட்டால், ஓடும்போது காதில் விழாத பிசகு பிள்ளைக்கே கேட்கும். ஆனால் அதே போனில் வாட்ஸ்அப் மணி அடித்தால் அன்றைய சாதகம் முடிந்தது. இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கொடுங்கள். இணையவழி வகுப்பு, நல்ல ஆசிரியர் பக்கத்தில் இல்லாத ஊருக்கு வரப்பிரசாதம். அரியாங்குப்பத்தை ஒட்டியிருக்கும் ஊருக்கு அது இரண்டாம்பட்சம்தான்.

இத்தனைக்கும் பிறகு நிற்கும் கேள்வி: கேட்பது யார்? இசை தெரியாத வீட்டில் என்ன செய்வது என்று பெற்றோர் தயங்குகிறார்கள். மீன் விற்றுவிட்டு வந்த தாய் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே கேட்டால் போதும். ராகம் தெரிய வேண்டாம். "நேத்து இந்த எடத்துல நின்னு நின்னு வாசிச்ச, இன்னிக்கு நிக்காம போவுதே" என்று அவளால் சொல்ல முடியும். எந்தத் தேர்வுச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது. பாட்டியோ தாத்தாவோ இருக்கும் வீடு கொடுத்துவைத்தது. தொலைக்காட்சியை அரை மணி நேரம் அணைத்துவிட்டு அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். கருவியை உறைக்குள் வைத்துப் பரண் மேல் ஏற்றாமல், பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் கண்ணில் படும் மூலையில், பாயோடு வையுங்கள். யாருமே வீட்டில் இல்லாத பிள்ளைகளுக்கு ஊர் செவியாக வேண்டும்.

அதனால் இரண்டு வேண்டுகோள். பல்கலைக்கூடத்தில் இசை பயிலும் மாணவர்களே, பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை போய், அவர்கள் சாதகம் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முறை வைத்துக்கொண்டு ஏழு பேர் போனால் ஏழு நாளும் ஆயிற்று. வீராம்பட்டினத்துப் பெரியவர்களே, தடைக்காலம் முழுதும் தினமும் மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை ஊர்ப் பொதுக்கூடம் எதையாவது கருவி கற்கும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். பாயும் மின்விசிறியும் கேட்க ஓர் ஆளும் இருந்தால் போதும். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். தடைக்காலம் ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்குகிறது. பங்குனி பிறந்ததும் பேச ஆரம்பித்தால் நேரம் சரியாக இருக்கும்.